வாலாட்டினால் மான் இல்லை

"புருஷன் ரத்தத்தைத் தாண்டிப் போனவள்" என்று எங்கள் ஊரில் வெர்னாவைச் சொல்கிறார்கள். மதுக்கடையில் சொல்கிறார்கள், பெட்ரோல் பங்கில் சொல்கிறார்கள், தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் காபி குடித்துக்கொண்டே சொல்கிறார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஆனால் சொல்கிற ஒருவர்கூட அன்றைக்கு அங்கே இல்லை. நான் இருந்தேன். அவளுக்குப் பின்னால், அடித்த மானை ஏற்றி வருகிற சறுக்குப் பலகையை இழுத்துக்கொண்டு நடந்தவள் நான்தான். ஆமாம், தாண்டினாள். கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் ஆர்லன் சாகக் கிடந்தான், அவள் தாண்டித்தான் போனாள். ஏன் தாண்டினாள் என்பதை மட்டும் ஒருவரும் சொல்வதில்லை. 

வெர்னா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். விஸ்கான்சினின் வடக்கு மூலையில், பனி மூடின மண்சாலையில், பின்னால் பிள்ளைகள் ஒருவர் தலையில் ஒருவர் ஏறிக்கொண்டிருக்க, கண்ணாடியில் ஒரு பார்வை பார்ப்பாள், வண்டி அடங்கிவிடும். அவ்வளவு குறைவாகப் பேசுகிற பெண்ணுக்கு அவ்வளவு மரியாதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அவள் ஆர்லனைக் கட்டிக்கொண்ட கதை ஊருக்கே தெரியும். ஆர்லனுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான். காகித ஆலையில் வேலை பார்க்க அது இடைஞ்சல் இல்லை, மான் வேட்டைக்குப் பெரிய இடைஞ்சல். அடிபட்ட மானின் ரத்தம் காய்ந்த இலைமேல் விழுந்தால் அவன் கண்ணுக்கு அது இன்னொரு ஈரம், அவ்வளவுதான். ஒருநாள் மாலை மதுக்கடைக் கதவைத் திறந்துகொண்டு வந்து, "யாராவது வந்து எனக்குச் செவப்பு எங்க இருக்குன்னு காட்டுங்களேன்" என்றானாம். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அப்போது அங்கே பரிமாறிக்கொண்டிருந்த வெர்னா மட்டும் ஏப்ரனைக் கழற்றி வைத்துவிட்டு அவனோடு போனாள். மானையும் கண்டுபிடித்தாள். அடுத்த கோடையில் கல்யாணம்.

அதிலிருந்து ஊரில் எவன் மானைச் சுட்டுத் தொலைத்தாலும் வெர்னாவைத்தான் தேடி வருவான். பிறகு மிட்ஸி வந்தது. கட்டைக்கால், நீள உடம்பு, சொரசொர முடி. "வெர்னா, உன் நாய்க்குக் கால் மாட்ட மறந்துட்டாங்களா?" என்று கேட்டவர்களெல்லாம் ஒரு பருவம் முடிவதற்குள் தொப்பியைக் கழற்றினார்கள். வாரைக் கழுத்தில் கட்டிவிட்டால் ஒரு சொட்டு ரத்தம் இல்லாத தடத்தில்கூட மிட்ஸி மூக்கைத் தரையில் தேய்த்துக்கொண்டு போய் மானின்மேல் நிற்கும். அந்த நாயை வெர்னா படிப்பதைப் பார்க்க வேண்டும். மூக்கு கீழே, வால் குச்சி மாதிரி நின்றால் அடிபட்ட மான். வாலை ஆட்டினால் அது மான் இல்லை. அணிலாக இருக்கும், எவனாவது தின்றுவிட்டுப் போட்ட ரொட்டியாக இருக்கும், தெரிந்த நாயாக இருக்கும். "வாலாட்டினா மான் இல்ல" என்பாள். எத்தனையோ பருவமாக அந்தப் பேச்சு ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

நான் மான் அறுப்பவள். நவம்பரில் வேட்டை தொடங்கினால் என் கொட்டகையில் மான்கள் வரிசையாகத் தொங்கும். தோலுரித்து, துண்டு போட்டு, சாசேஜ் திணித்துக் கொடுப்பேன். வேட்டைக்காரன் மதுக்கடையில் சொல்கிற கதை ஒன்று, என் மேசையில் மான் சொல்கிற கதை வேறு. வேகமான சின்னக் குண்டு உள்ளே போய்ச் சிதறும். தோள் இறைச்சி முழுக்கக் கன்றிப்போய் நாய்க்குத்தான் ஆகும். கனத்த ஈயக் குண்டு அப்படியில்லை. நிதானமாக வரும், சிதறாது, இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போய்விடும். ஓட்டையின் ஓரம் வரைக்கும் அறுத்துச் சாப்பிடலாம். அதனாலேயே கனத்த குண்டுக்காரர்களை எனக்குப் பிடிக்கும். ஒரு குறை உண்டு. ஓட்டை கட்டைவிரல் பருமன்தான். கொழுப்பு வந்து அடைத்துக்கொண்டால் ரத்தமெல்லாம் நெஞ்சுக்கூட்டுக்குள்ளேயே தேங்கிவிடும். மான் செத்துத்தான் போகும், தரையில் மட்டும் ஒன்றும் இருக்காது.

சின்னக் குண்டுகளின் சிதறல் என் மேசையில் எவ்வளவோ கிடைத்திருக்கிறது, ஒரு காபி டப்பா நிறைய வைத்திருக்கிறேன். கனத்த குண்டு ஒன்றுகூடக் கிடைத்ததில்லை. அதெல்லாம் மானைத் தாண்டி எங்கே போகிறது என்று எங்களில் ஒருவரும் கேட்டதும் இல்லை.

கார்டி, வெர்னாவின் அண்ணன். நல்ல மனிதன், மோசமான குறி. எங்கள் பக்கத்தில் மானைச் சுட்டுத் தவறவிட்டால் சட்டை வாலை வெட்டுவார்கள். கால்சட்டைக்குள் செருகுகிற அந்தப் பின்பக்கத் துணியைக் கத்தரியால் வெட்டி, பேர் எழுதி, மதுக்கடைச் சுவரில் ஆணி அடித்துவிடுவார்கள். கார்டியின் துண்டுகள் ஒரு மூலையையே பிடித்துக்கொண்டிருந்தன. "கார்டி, இதையெல்லாம் சேத்துத் தச்சா என் கட்டிலுக்கு ஒரு போர்வை ஆகும்டா" என்பாள் மதுக்கடைக்காரி. அவனும் கூடச் சிரிப்பான், ஆனால் காது சிவந்துவிடும். அந்த வருடம் பழைய மாதிரித் துப்பாக்கி ஒன்று வாங்கி, கனத்த குண்டு போட்டுக்கொண்டு வந்தான். "இதுல அடிச்சா குண்டு எங்கயும் நிக்காது. புதரு, எலும்பு, எல்லாத்தையும் தொளச்சிட்டுப் போய்க்கிட்டே இருக்கும்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமையடித்தான்.

மச்சான் இப்படி ஊர்ச் சிரிப்பாய்ச் சிரிக்கிறானே என்று ஆர்லனுக்கு மனசு கேட்கவில்லை. வேட்டை தொடங்குகிற காலையில் அவன் வடக்குப் பக்கத்தில் மரத்தில் கட்டிய பரணில் உட்கார வேண்டும், கார்டி மேட்டுப் பரணில். நடுவில் சதுப்பு. அதுதான் பேசிவைத்தது. ஆர்லன் என்ன செய்தான் தெரியுமா? விடிந்ததும் பையையும் வாக்கி-டாக்கியையும் பரணிலேயே வைத்துவிட்டு, சத்தமில்லாமல் இறங்கி, சதுப்புக்குள் வந்து, புதரில் படுத்திருக்கிற மான்களைக் கார்டியின் பக்கமாக மெல்ல நகர்த்தினான். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கார்டிக்கு அந்த மான் இனிக்காது அல்லவா!

எல்லாம் பின்னால் தெரிந்தது. அன்று காலை எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், கார்டி மூச்சு வாங்க என் கொட்டகைக்குள் ஓடிவந்தான் என்பதுதான். வெர்னா எனக்குக் கொக்கிகள் மாட்ட உதவிக்கொண்டிருந்தாள்.

"வெர்னா, அடிச்சிட்டேன்! சத்தியமா அடிச்சிட்டேன்!"

"எங்க பட்டுச்சு?"

"நெஞ்சுல. நேரா நெஞ்சுல."

"எல்லாரும் நெஞ்சுலதான் அடிக்கிறீங்க. ரத்தம்?"

கார்டி கூரையைப் பார்த்தான். "ஒரு சொட்டுகூட இல்ல."

நான் கத்தரியை எடுத்தேன். "திரும்பி நில்லு கார்டி. மதுக்கடை வரைக்கும் எதுக்கு நடக்கணும், இங்கயே வெட்டி விட்டுடறேன்."

"அடியே டோரீன், கத்தரியக் கீழ வை! மயிரு கெடந்துச்சு, இங்க பாரு." உள்ளங்கையை விரித்தான். வெர்னா அந்த மயிரை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மேல் வெலா" என்றாள். "கொஞ்சம் ஒசரத்துல பட்டிருக்கு. மான் செத்துரும்ணே, ஆனா ரத்தம் உள்ளயே நின்னுரும். அவசரப்பட்டு வெரட்டக் கூடாது. உக்காரு, காபி குடி."

காபி குடித்துக்கொண்டிருக்கும்போது சதுப்புப் பக்கம் வெடிச்சத்தம் கேட்டது. ஒன்று. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. கார்டி தொடையில் தட்டிக்கொண்டான். "ஒரு வெடின்னா கறி, ரெண்டு வெடின்னா பாப்போம், மூணு வெடின்னா வீட்ல போய் முட்டையப் பொரிச்சித் தின்னு!" எங்கள் வேட்டைக்காரர்களின் பழைய கிண்டல் அது. தன்னைத் தவிர இன்னொருவனுக்கும் சட்டை போகப் போகிறது என்று அவனுக்கு அப்படியொரு சந்தோஷம். நாங்களும் சிரித்தோம்.

காட்டில் இடைவெளி விட்டு மூன்று வெடி வெடித்தால் "ஆபத்து, வாருங்கள்" என்று அர்த்தம். எங்கள் ஊரில் பல் முளைத்த எல்லோருக்கும் தெரியும். ஆனால் வேட்டை தொடங்குகிற காலையில் நாலு பக்கமும் பொரி பொரிக்கிற மாதிரி வெடித்துக்கொண்டிருக்கும்போது யார் எண்ணுகிறார்கள்? ஆர்லன்தான் வெடித்தான். அவனிடம் இருந்ததே அந்த மூன்று தோட்டாதான், மிச்சமெல்லாம் பரணில் பையில். நாங்கள் காபியில் இன்னும் கொஞ்சம் சர்க்கரை போட்டுக்கொண்டோம்.

பிறகு கிளம்பினோம். பனி விழவில்லை, தரை உறைந்து கிடந்தது. மேட்டுக்குக் கீழே, பழைய மரம்வெட்டிப் பாதையில் மான் நின்ற இடத்தைக் கார்டி காட்டினான். மிட்ஸி ஒரு சுற்றுச் சுற்றியது, மூக்கு தரையில் ஒட்டிக்கொண்டது, வால் குச்சியாக நின்றது. வெர்னா நீள வாரைத் தளர்த்திவிட்டாள். நாய் முன்னால், அவள் பின்னால், அவளுக்குப் பின்னால் சறுக்குப் பலகையோடு நான், கடைசியில் "ஒரு சொட்டு ரத்தம் காணோமே, நெசமாவே தடத்துலதான் போகுதா?" என்று முனகிக்கொண்டே கார்டி. அப்படிச் சதுப்புக்குள் இறங்கினோம்.

விழுந்து கிடந்த ஒரு தேவதாரு மரத்தருகே கார்டி அலறினான்.

"ரத்தம்! வெர்னா, ரத்தம்! இங்க பாரு!"

பாசியின்மேல் ரத்தம். ஒரு சொட்டு இரண்டு சொட்டு இல்லை. உள்ளங்கை அகலத்துக்குத் தேய்ந்து, இழுபட்ட மாதிரி, இடதுபக்கப் புதருக்குள் போயிற்று. அதே நொடியில் மிட்ஸியும் தடத்தை விட்டு விலகி இடதுபக்கம் பாய்ந்தது. வால் மட்டுமா ஆடியது, இடுப்போடு சேர்ந்து பின்பாதி முழுக்க ஆடியது. சின்னதாக ஒரு அழுகைச் சத்தம் வேறு.

வெர்னா நின்றாள். ரத்தத்தைப் பார்த்தாள், நாயைப் பார்த்தாள்.

"இது நம்ம மான் இல்ல" என்றாள்.

"ரத்தத்த வச்சிக்கிட்டே சொல்றியே!"

"வாலப் பாருண்ணே. வாலாட்டினா மான் இல்ல, எத்தன தடவ சொல்லிருக்கேன். நம்ம மான் நேராப் போயிருக்கு. இது வேற எவனோ அடிச்சது."

"யாரோடதா இருந்தா என்ன? ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்துருவோமே."

"எவனோ மொத ரத்தம் எடுத்த தடத்துல நாம போனா அதுக்குப் பேரு திருட்டு. அவன் பின்னாலயே வந்துக்கிட்டிருப்பான்." அவள் சட்டைப்பையிலிருந்து ஆரஞ்சு நாடா எடுத்து, வருகிறவனுக்கு அடையாளமாக இருக்கட்டும் என்று கிளையில் கட்டினாள். "மிட்ஸி, விடு. அது நம்மளுது இல்ல. வா."

நாய் வரவில்லை. வயிற்றைத் தரையில் அழுத்திக்கொண்டு படுத்துவிட்டது. வெர்னா வாரைப் பிடித்து இழுத்தாள். அவள் அந்த நாயை இழுத்து நான் பார்த்தது அந்த ஒரே தடவைதான்.

எனக்கு இன்றும் ஆறாதது இதுதான். அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை! அது எங்கள் மான் இல்லை. மான் நேராகத்தான் போயிருந்தது. முதல் ரத்தம் எடுத்தவனுக்குத்தான் மான் என்பதும் எங்கள் ஊர் மரியாதைதான். ஒன்றுமே தெரியாத கார்டி முன்னால் போயிருந்தால், புதருக்குப் பின்னால் ஆர்லனை மிதித்திருப்பான். எல்லாம் தெரிந்த வெர்னா போனதால் விட்டுவிட்டுப் போனோம். என்ன கொடுமை இது? யாரைப் போய்க் குற்றம் சொல்வது?

மான் வெகுதூரம் போகவில்லை. ஓடைக்கரையில் மடங்கிக் கிடந்தது, நல்ல கொம்பு. கார்டி தொப்பியை மேலே எறிந்தான், என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கினான். "சட்ட பொழச்சிது டோரீன்! என் சட்ட பொழச்சிது!" நான் பழக்கத்தில் ஓட்டையைப் பார்த்தேன். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, இரண்டும் சுத்தமாக. இறைச்சி கொஞ்சமும் கெடவில்லை, அழகான அடி என்று நினைத்தேன். வேறெதுவும் நினைக்கவில்லை.

மானை இழுக்க ஆள் வேண்டும். வெர்னா வாக்கி-டாக்கியை எடுத்தாள்.

"ஆர்லன், கேக்குதா? உன் மச்சான் அடிச்சிட்டான். எறங்கி வா, இழுக்கணும்."

கரகரவென்று இரைச்சல்.

"ஆர்லன்?"

"தூங்கியிருப்பான்" என்றான் கார்டி. "பரண்ல ஏறினா அவனுக்குத் தாலாட்டு மாதிரி."

"ஆர்லன்!"

நான் மிட்ஸியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மானின் கழுத்தருகே, வால் விறைக்க, பெருமையாக நின்றிருந்தது. வெர்னா பேரைச் சொன்னதும் வால் ஆடியது. இடுப்போடு சேர்ந்து பின்பாதி முழுக்க ஆடியது. சின்னதாக அழுதது.

வெர்னாவும் பார்த்துவிட்டாள். வாக்கி-டாக்கி வாயருகே அப்படியே நின்றது. அதில் பேசாமல், நாயைப் பார்த்து, ரொம்ப மெதுவாக, "ஆர்லன்" என்றாள். வால் ஆடியது.

அவள் முகத்திலிருந்து ரத்தம் வடிந்து போவதை நான் கண்ணால் பார்த்தேன். வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

"அண்ணே, மான் எப்பிடி நின்னுச்சு?"

"குறுக்கதான். பாதை மேல."

"அதுக்குப் பின்னாடி என்ன இருந்துச்சு?"

"சதுப்பு. புதரு. ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லையா, உனக்கு ஒண்ணும் தெரியலையா?"

கார்டி சதுப்புப் பக்கம் திரும்பிப் பார்த்தான். சிரிப்பு இன்னும் முகத்தில் பாதி ஒட்டிக்கொண்டிருந்தது. "அவன் வடக்குப் பரண்லதான இருக்கான்... வெர்னா, அவன் வடக்குப் பரண்ல..."

அவள் வாரைக் கையிலிருந்து விட்டுவிட்டாள். அடிபட்ட தடத்தில் வாரை விடவே கூடாது என்று எல்லோருக்கும் பாடம் எடுக்கிறவள். அந்தக் கட்டைக்கால் நாய் வந்த வழியே பறந்தது. வெர்னா முள்ளென்று பார்க்கவில்லை, தண்ணீரென்று பார்க்கவில்லை, அதன் பின்னால் ஓடினாள். நாங்களும் ஓடினோம். ஆரஞ்சு நாடா தெரிந்த இடத்தில் மிட்ஸி புதருக்குள் திரும்பியது.

நாடா கட்டிய கிளையிலிருந்து கல்லெறி தூரம்கூட இல்லை. ஆர்லன் மல்லாந்து கிடந்தான். மற்ற வேட்டைக்காரர்கள் கண்ணில் பட வேண்டும் என்று போடுகிற ஆரஞ்சுச் சட்டை முழுக்கச் சேறு. மானை இழுக்க ஒவ்வொருவனும் இடுப்பில் சுற்றிக்கொண்டு போகிற கயிற்றைத் தொடைமேல் கட்டி, அதற்குள் ஒரு குச்சியை விட்டு முறுக்கி, அந்தக் குச்சியை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். கண் திறந்திருந்தது. செத்துவிட்டான் என்றே நினைத்தேன். மிட்ஸி அவன் கன்னத்தை நக்கியதும் இமை அசைந்தது.

"ஏன் இங்க வந்தே?" என்று வெர்னா கத்தினாள். "ஆர்லன், ஏன் இங்க வந்தே? உன்ன யாரு வரச் சொன்னா?" அவன் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. கார்டி முழங்காலில் விழுந்து, "நானா? நானா சுட்டேன்? டோரீன், நானா?" என்று என்னைப் பிடித்து உலுக்கிக்கொண்டே இருந்தான்.  அவன் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டு, "காலப் புடிச்சித் தூக்கு" என்றேன். மானுக்காகக் கொண்டுபோன சறுக்குப் பலகையில் ஆர்லனைக் கட்டி, சாலை வரைக்கும் மூன்று பேரும் இழுத்தோம். குச்சியை அவன் கையிலிருந்து பிரிக்கவே முடியவில்லை. அந்த மானை எடுக்க யாரும் திரும்பிப் போகவில்லை.

கால் போயிற்று, உயிர் நின்றது. கயிறு அவ்வளவு நேரம் இறுகியிருந்ததால்தான் கால் போனது, இறுகாமல் இருந்திருந்தால் ஆளே இல்லை என்றார் மருத்துவர். குண்டு பட்டதும் விழுந்து மண்டையில் அடிபட்டு மயங்கிவிட்டான். விழித்தபோது தொடையெல்லாம் ஈரமாக இருந்ததாம், சதுப்புத் தண்ணீர் என்று நினைத்து, காய்ந்த இடம் தேடிப் புதருக்குள் தவழ்ந்தானாம். அவன் கண்ணுக்குச் சிவப்பு தெரியாதே! கையை வாயில் வைத்து ருசி பார்த்த பிறகுதான் கயிற்றைத் தேடியிருக்கிறான். 

கார்டி அந்தத் துப்பாக்கியை ஓடையில் வீசிவிட்டான். குளிர்காலம் முழுக்கத் தினமும் வந்து அவர்களுக்கு விறகு பிளந்து போட்டான். ஆர்லன் சன்னலைத் திறந்து, "டேய் மச்சான், போதும்டா, வீட்டுக்குள்ள எங்களுக்கு எடம் இல்ல" என்று கத்துவான். கார்டி தலை நிமிராமல் பிளந்துகொண்டே இருப்பான்.

வெர்னா மாறிப்போனாள். அடுத்த பருவத்திலும் கூப்பிட்டவர்களுக்குப் போனாள், ஆனால் தடத்துக்குக் குறுக்கே எந்த ரத்தம் வந்தாலும் அதன் பின்னால் போய்விடுவாள். கூப்பிட்டவன் மான் கெட்டுப்போகிறதே என்று தலையில் அடித்துக்கொள்வான். அவள் காதில் விழாது. ஒருதரம் அரைநாள் அலைந்து ஒரு முள்ளம்பன்றியைக் கண்டுபிடித்தாள். இன்னொருதரம் வேறொருவன் அடித்த மானிடம் அவனுக்கு முன்பே போய் நின்று, திருடி என்று பேச்சு வாங்கினாள். இப்போதெல்லாம் அடுத்த ஊரிலிருந்து வேறு நாய்க்காரனை வரவழைக்கிறார்கள். அவள் மிட்ஸியை அழைத்துக்கொண்டு தானாகவே காட்டைச் சுற்றிவிட்டு வருகிறாள்.

போன மாதம் இருவரும் சாசேஜ் வாங்க என் கொட்டகைக்கு வந்தார்கள். ஆர்லன் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தான், மிட்ஸி அவன் பாதத்தின்மேல் படுத்தது. நான் இறைச்சி அரைத்துக்கொண்டிருந்தேன். வெர்னா திடீரென்று அவனிடம் கேட்டாள்.

"அன்னிக்கி எங்க பேச்சு உனக்குக் கேட்டுச்சா?"

நான் அரைவையை நிறுத்தினேன். இத்தனை நாளும் அவள் இதைக் கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"கேட்டுச்சு" என்றான் ஆர்லன்.

"எது?"

"எல்லாந்தான். கார்டி ரத்தம்னு கத்துனது. நீ வாலப் பாருன்னது. மிட்ஸி மூச்சு வாங்குனதுகூட."

"கூப்பிட்டிருக்கலாம்ல! கல்லத் தூக்கி எறிஞ்சிருக்கலாம்ல!"

"குச்சிய விட்டாத்தான கல்லத் தூக்கறது? வாயத் தொறந்து பாத்தேன். நாக்கு கட்டை மாதிரி கெடந்துச்சு."

வெர்னா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "நாங்க போனப்ப... என்ன நெனச்சே?"

 ஆர்லன் அவளைச் சமாதானம் செய்கிற மாதிரி, சிரித்த முகமாகவே சொன்னான். "பயப்படல வெர்னா. நீ எதையும் பாதியில விடற ஆளா? மானக் கண்டுபிடிச்சதும், இது யாரோடதுன்னு பாக்கத் திரும்பி வருவேன்னு தெரியும். அது வரைக்கும் குச்சிய விடக் கூடாது, அவ்வளவுதான். ரெண்டு தடவ கண்ண இருட்டிட்டு வந்துச்சு, விட்டுடலாம்னு தோணிச்சு. வெர்னா வருவா, வெர்னா வருவான்னு சொல்லிக்கிட்டே புடிச்சிருந்தேன்."

வேறு எவளாக இருந்தாலும் அந்த இடத்தில் அழுதுவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பாள். நானாக இருந்தால் நிச்சயம் மூடிக்கொண்டிருப்பேன். வெர்னா மூடவில்லை.

"வந்திருக்க மாட்டேன்" என்றாள்.

"என்ன?"

"திரும்பி வந்திருக்க மாட்டேன், ஆர்லன். மான இழுத்துக்கிட்டு அந்தப் பக்கப் பாதையாவே இங்க வந்திருப்பேன். கார்டியோட சேந்து பீர் குடிச்சிருப்பேன். அந்த ரத்தத்த நான் மறந்தே போயிட்டேன். உன் பேரச் சொன்னப்ப இவ வாலாட்டலேன்னா, வந்திருக்கவே மாட்டேன்."

ஆர்லன் அவளைப் பார்த்தான்.  சாகக் கிடந்த அன்றைக்குக்கூட அந்த முகம் அப்படி வெளுத்து நான் பார்த்ததில்லை. அவன் இரண்டு கையும் மடியின்மேல் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டன.

"நல்லவேள" என்றான் கடைசியில், குரல் எழும்பாமல். "அது எனக்கு அப்ப தெரியாது."